ஞாயிறு முற்பகல் விருந்து

மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகளிலும் பாலக்காட்டின் எல்லையோர ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கு, உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி மகிழக் கிடைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. தோட்டத் தொழிலாளர்க்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு உண்டு என 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆயினும், வாரமெல்லாம் கொழுந்து கிள்ளிய பெண்ணுக்கு அன்று அடுப்படியில் ஓய்வு கிட்டியதா? காலையில் பலகாரம், நண்பகலில் சாப்பாடு என இருமுறை சமைத்து, விருந்தினர் எழுந்தபின் எஞ்சியதை உண்பதே அவள் வழக்கமாயிற்று.

இவ்விரண்டு வேளையையும் ஒன்றாக்கி, காலை பத்தரை மணிக்கு ஒரே பந்தியாக விருந்து வைத்தால் என்ன? இதற்கு விதி ஒன்றே: அழைத்தவளும் உடன் அமர்ந்து உண்ண வேண்டும். ஆகவே தோசையும் அடையும் அன்று வேண்டா. அவற்றைச் சூடாக ஒவ்வொன்றாய் வார்ப்பவள் கல்லருகிலேயே நின்றுவிடுவாள். முன்னதாகவே சமைத்து வைக்கத் தக்கவற்றையே தேர்ந்துகொள்வோம்.

முதலாவது இட்டலி. பாலக்காட்டை அடுத்த ராமசேரியில், நெசவுத் தொழில் செய்துவந்த தமிழ் முதலியார் குடும்பத்துப் பெண்கள் இட்டலி சமைத்து விற்றுப் புகழ் பெற்றனர். மண் சட்டியின் வாயில் நூல் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவைத் தட்டையாக ஊற்றி வேகவைப்பது அவர்கள் முறை. நம் வீட்டில் இட்டலித் தட்டில் ஈரத்துணி விரித்தாலே போதும். புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு கரண்டி; சனிக்கிழமை மாலையில் அரைத்து வைக்கவும். மலைக்குளிரில் மாவு மெல்லத்தான் புளிக்கும்; பாத்திரத்தை அடுப்பின் அருகே வைத்தல் நலம். காலை எட்டு மணிக்குள் முடிக்கும் அவசரம் இல்லாததால், மாவு பொங்க நேரமும் கிடைக்கிறது. வெந்த இட்டலியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி மூடிவைத்தால், ஆறினாலும் சுவை குன்றாது.

இரண்டாவது கப்பக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் இது. 1942-இல் பர்மா அரிசி வரவு நின்ற காலத்தில் பல்லாயிரம் வயிறுகளைக் காத்தது. தோலை நன்கு நீக்கி, துண்டாக்கி, மிகுந்த நீரில் திறந்தபடி வேகவைத்து, அந்நீரை முற்றும் வடித்துவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணலாகாது. காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இவற்றை நசுக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்தால் தொடுகறி ஆயத்தம். இதற்கு அடுப்பே வேண்டா.

பருகுவதற்குச் சம்பாரம். புளிப்பு மிகாத மோரில் இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு உப்பிட்டு வைப்பதோடு வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் நடுவில் வைத்து, வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். இலை போடுவது பிள்ளைகள் பொறுப்பு. பாத்திரம் துலக்குவது ஆடவர் பொறுப்பு. மலையாள அண்டை வீட்டாரையும் அழைப்போம். கப்பையும் சம்பாரமும் அவர்களுக்குப் பழகிய சுவையே. வரும் ஞாயிறன்று, முதல் இலைகளுள் ஒன்றை இல்லத்தரசிக்கென்று போடுவோமாக.