தங்கச் சுரங்கத்தில் ஒரு சோதனை

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அந்தக் காலத்தில் வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் அங்கே பிழைக்கப் போயின. தங்கத்தைத் தேடிச் சுரங்கம் கீழே கீழே போயிற்று. கடைசியில் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது.

அந்தச் சுரங்கத்தில் தங்கம் தேடாத சிலரும் இறங்கினார்கள். அவர்கள் விஞ்ஞானிகள். அவர்கள் எதைத் தேடினார்கள்?

கல், மண், தண்ணீர், நம் உடம்பு எல்லாமே அணுக்களால் ஆனவை. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் புரோட்டான் என்ற மிகச் சிறிய துகள் உண்டு. புரோட்டானுக்கு அழிவே இல்லை என்று நினைத்திருந்தார்கள். 1974-ஆம் ஆண்டு ஒரு புதிய கொள்கை வந்தது. புரோட்டானும் ஒரு நாள் சிதைந்துபோகும் என்றது அது. எப்போது? 1 எழுதி, அதன் பக்கத்தில் சுமார் 30 சுழி போடுங்கள். சராசரியாக அத்தனை ஆண்டுகள் ஆகுமாம்! இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? காத்திருக்க வேண்டாம். ஒரு மனிதர் சராசரியாக 70 ஆண்டு வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 70,000 பேர் உள்ள ஊரில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் சாவு விழும். அதேபோல ஏராளமான புரோட்டான்களை ஒரே இடத்தில் வைத்துக் கவனித்தால் போதும். ஆண்டுக்குச் சிலவாவது சிதைய வேண்டும்.

பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான் விஞ்ஞானிகளும் 1980-ல் இதைச் செய்தார்கள். 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக விறகு போல அடுக்கினார்கள். மொத்தம் 140 டன். குழாய்க்குள் வாயு இருக்கும். துகள் பாய்ந்தால் மின்சாரத் துடிப்பு உண்டாகும். அதைப் பதிவு செய்தார்கள்.

இதற்கு ஏன் சுரங்கம்? வானிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாமல் பொழிகின்றன. உங்கள் உள்ளங்கை வழியாகக்கூட விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் துகள்கள் போகின்றன. சந்தை இரைச்சலில் ஊசி விழும் சத்தம் கேட்குமா? மேலே உள்ள பாறை அந்த இரைச்சலை அடக்கிவிடும்.

ஆனால் ஒரு துகளைப் பாறையாலும் தடுக்க முடியாது. அதன் பெயர் நியூட்ரினோ. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ல் இதே சுரங்கத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். இதுவே உலகில் முதல் முறை. நியூட்ரினோ மோதினால் புரோட்டான் சிதைந்தது போலவே தோன்றக்கூடும். சிக்கல் அங்கேதான்.

புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில பதிவுகளைக் கோலார் குழுவினர் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒருவர் கண்டதை மற்றவரும் காண வேண்டும். அதுதான் விஞ்ஞானத்தின் வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்தார்கள். ஒரு புரோட்டான்கூடச் சிதையவில்லை. 1974-ல் சொன்ன கொள்கையை அப்படியே ஏற்க முடியாமல் போயிற்று. அழகான கொள்கைதான், ஆனாலும் அளவு ஒத்து வரவில்லையே!

1990-களின் தொடக்கத்தில் கோலார் சோதனை முடிந்தது. 2001-ல் சுரங்கமும் மூடப்பட்டது. ஜப்பானில் 1996-ல் 50,000 டன் தண்ணீர்த் தொட்டியோடு தேடத் தொடங்கினார்கள். அதிலும் புரோட்டான் சிதைவு தென்படவில்லை. 2020-ல் அதைவிடப் பெரிய தொட்டி ஒன்றுக்கு அங்கே வேலை தொடங்கியது.