மழைப் பக்கம், வெயில் பக்கம்: தென்தீவைக் காரில் சுற்றுவது

நியூசிலாந்தின் தென்தீவில் உங்கள் வழியை முடிவு செய்வது மலைதான். தென் ஆல்ப்ஸ் தொடர் மேற்குக் கரையை ஒட்டியே நீண்டு கிடக்கிறது. அதைக் காரில் கடக்க மூன்றே கணவாய்கள்: வடக்கே லூயிஸ், நடுவில் ஆர்தர்ஸ், தெற்கே ஹாஸ்ட். கிறைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்து ஏரிகள் வழியாகத் தெற்கே போய், ஹாஸ்ட்டில் மறுபக்கம் இறங்கி, கடற்கரையோரமாக வடக்கே ஏறி, ஆர்தர்ஸ் வழியாகத் திரும்பினால் மலை, ஏரி, கடல் மூன்றும் ஒரே சுற்றில் அடங்கிவிடும்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மூன்று மணி நேரத்தில் டெக்காப்போ ஏரி. புகைப்படங்களில் பார்த்துவிட்டு ‘யாரோ நிறம் ஏற்றியிருக்கிறார்கள்’ என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பால்நீலம் உண்மையானது. மேலேயுள்ள பனியாறுகள் நகரும்போது அடியிலிருக்கும் பாறையை அரைத்து மாவாக்குகின்றன. அந்த மாவு எளிதில் படியாமல் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அடுத்துள்ள புக்காக்கி ஏரிக்கும் இதே காரணம், இதே நிறம்.

புக்காக்கியின் கரையோரமாகவே ஒரு கிளைச்சாலை நாட்டின் மிக உயரமான சிகரமான அவோராக்கி அடிவாரத்துக்குப் போகிறது. மவுண்ட் குக் என்ற பெயரும் அதற்கு உண்டு. பழைய புத்தகங்களில் உயரம் 3,764 மீட்டர் என்றிருக்கும். 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து பெரும் பாறைச்சரிவு ஏற்பட்டது. எஞ்சிய பனியும் பிறகு தேய்ந்தது. 2013இல் அளந்தபோது 3,724 மீட்டர்தான் இருந்தது.

வனாக்கா ஊரைத் தாண்டி ஹாஸ்ட் கணவாயில் ஏறும்போதுதான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி தொடங்குகிறது. பலரும் சுற்றுலா நகரான குயின்ஸ்டவுனிலேயே நாட்களைச் செலவழித்துவிட்டு இதை அவசரமாகக் கடக்கிறார்கள். அது நஷ்டம். கணவாய் சுமார் 560 மீட்டர்தான், ஏற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் காய்ந்த புல்வெளியில் புறப்பட்டவர் ஓரிரு மணி நேரத்தில் பாசி தொங்கும் மழைக்காட்டுக்குள் இருப்பார். டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரமான மேல்காற்று மலையில் மோதி மேற்கிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே மேற்குக் கரைக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். முதல் நாள் முழுக்க மழையில் போனாலும் மறுநாள் பளிச்சென்று விடியலாம்.

மறுபக்கமுள்ள ஹாஸ்ட் ஊருக்குக் கணவாய் வழியாகச் சாலை வந்ததே 1960இல். வடக்கே கடற்கரைச் சாலை 1965இல்தான் இணைந்தது. இன்றும் ஆள் நடமாட்டம் குறைவு. வழியில் ஷிப் கிரீக் என்ற இடத்தில் இறங்குங்கள்: ஒரு பக்கம் சதுப்புக் காடு, மறுபக்கம் அலை. 1855இல் ஆஸ்திரேலியக் கரையில் உடைந்த ஷோம்பர்க் கப்பலின் ஒரு பகுதி கடல் கடந்து இங்கே ஒதுங்கியதால் வந்த பெயர். ஒரு எச்சரிக்கை: இந்தக் கரையெங்கும் மணல் ஈக்கள் கடிக்கும், பூச்சித் தைலம் பூசாமல் காரைவிட்டு இறங்காதீர்கள்.

அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத உரிமத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். வேக வரம்பு பல இடங்களில் 100 கிலோமீட்டர் என்றாலும் வளைவுகளில் அந்த வேகம் கனவு. ஆகவே தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய உண்டு: சிவப்பு வளையப் பலகையில் உங்கள் திசை அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிர்ப்புறம் பார்த்துவிட்டே ஏறுங்கள். வனாக்காவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். கனமழைக்குப் பின் மண்சரிவால் சாலை மூடப்படுவதும் உண்டு என்பதால், காலையில் புறப்படும் முன் சாலை நிலவரத்தைப் பாருங்கள்.

திரும்பும் வழியில், ஆர்தர்ஸ் கணவாய்ப் பகுதியில் காரை நிறுத்தினால் கியா என்ற பச்சை மலைக்கிளி வந்து உட்காரலாம். துடைப்பான் ரப்பரையும் கதவு ரப்பரையும் அது அலகால் பிய்த்தெடுக்கும். அழகாக இருக்கிறதே என்று பிஸ்கட் நீட்டாதீர்கள்: அழிவின் விளிம்பில் உள்ள பறவை, மனித உணவுக்குப் பழகினால் சாலையோரமே சுற்றி வண்டியில் அடிபட்டுச் சாகிறது.