பரப்பளவு: சுழியம்

சில்லு வடிவமைப்பு என்றால் டிரான்சிஸ்டரை ஒவ்வொன்றாக வரைவது என்றுதான் பல்கலைக்கழகத்தில் சேரும்வரை நினைத்திருந்தேன். உண்மையில் வரைவது குறைவு, பொறுக்கி எடுப்பதுதான் அதிகம். அடிக்கடி தேவைப்படும் சிறு சுற்றுகளை முன்பே வரைந்து 'செல்' என்ற பெயரில் வைத்திருப்பார்கள். அவற்றின் தொகுப்பே செல் நூலகம். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு தாமதம் ஆகும் என்பதெல்லாம் அதன் பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மென்பொருள் செல்லைத் தேர்ந்தெடுக்கிறது.

எங்கள் மூவர் குழு பயன்படுத்தியது ஸ்கை130. கூகலும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 2020இல் யாரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம் என்று வெளியிட்டது. (பொதுவாக இத்தகைய கோப்புகளைப் பார்க்கவே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.) அந்த நூலகத்தில் இல்லாத ஒரு செல்லை நானே வரைந்து சேர்த்தேன். மென்பொருளை ஓட்டினோம். பிழை ஒன்றும் இல்லை. மொத்தப் பரப்பளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு! அன்று மாமாக் கடையில் தே தாரிக் என் செலவு.

மறுநாள் செல்களை அடுக்கும் கட்டத்தில், ஒதுக்கிய இடத்தில் அவை அடங்கவில்லை. காரணம் தேடியே மூன்று நாள் போயிற்று. கடைசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்கு பார்த்தாலும் என் செல். பட்டியலைத் திறந்தேன். பரப்பளவு: 0. பிறகு நிரப்பலாம் என்று நான் விட்டது. நாசி கண்டார் கடையில் ஒரு குழம்புக்கு மட்டும் விலை இல்லையென்றால், எல்லாத் தட்டிலும் அதுதானே இருக்கும்?

சரிபார்ப்பது கடினமே இல்லை. நாங்கள் எடுத்த வகையில் ஒரு சாதாரண செல்லின் உயரம் 2.72 மைக்ரோமீட்டர், அகலம் 0.46இன் மடங்கு. சிறிய நாண்ட் செல்லின் அகலம் மூன்று மடங்கு. 1.38ஐ 2.72ஆல் பெருக்கினால் 3.7536 சதுர மைக்ரோமீட்டர். பட்டியலிலும் அதே எண். என் செல் ஏழு மடங்கு, ஆக 8.7584.

அந்த எண்ணை எழுதும்போதுதான் கீழே இருந்த தாமத அட்டவணை கண்ணில் பட்டது. எங்கேயோ பார்த்த எண்கள். நாண்ட் செல்லின் பதிவை நகலெடுத்து என் பதிவைத் தொடங்கியிருந்தேன். தாமதத்தை மாற்றவே இல்லை. பரப்பளவுத் தவறு இடம் போதாமல் தானாக மாட்டிக்கொண்டது. இது மாட்டியிருக்காது. மென்பொருள் 'வேகம் சரி' என்றே சொல்லியிருக்கும். எங்களுடையது மதிப்பெண்ணுக்கான பயிற்சி மட்டுமே. தயாரிப்புக்குப் போயிருந்தால், சில்லு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இரண்டு இரவுகள் விழித்து, தாமதத்தைப் புதிதாகக் கணக்கிட்டோம். பரப்பளவு கூடியது, வேகம் குறைந்தது. அந்த எண்களையே அறிக்கையில் எழுதினோம். நான் பெருமையாக வரைந்த செல்லை மென்பொருள் இப்போது மூன்றே மூன்று இடத்தில்தான் பயன்படுத்துகிறது.