தேருக்கு மட்டுமா வெள்ளோட்டம்?

புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவது மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். கொட்டகையில் ஒழுங்காக நின்ற சக்கரம், மாட வீதி முனையில் திரும்பும்போதுதான் கிறீச்சிடும்! கம்ப்யூட்டர் கம்பெனிகள் 'பீட்டா' விடுவதும் அதற்குத்தான்.

ஆபீசில் புதுப் போன், நல்ல சிக்னல். தி.நகர் நெரிசலில் பழைய போன், அரைகுறை சிக்னல். குறை இங்கேதான் வெளியே வரும்.

3½ லட்சம் பேர்

சென்னை ஸோஹோ கம்பெனி 2021 ஜனவரியில் 'அரட்டை'யை வெள்ளோட்டம் விட்டது. 2025 செப்டம்பரில் திடீர் கூட்டம்! தினம் 3 ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் தினம் 3½ லட்சம் பேர் என்றானது. அவசர அவசரமாக வசதியைப் பெருக்கினார்கள். அப்போது, மூன்றாம் ஆள் நுழைய முடியாத பூட்டு பேச்சுக்கு இருந்தது. எழுத்துச் செய்திக்கு இல்லை.

வெள்ளோட்டத் தேரில் ஏறலாம், குறையும் சொல்லலாம். ஆனா, பேங்க் ரகசியத்தை மட்டும் அதுல ஏத்திடாதீங்க!