குதிரைத் தீனி: கொள்ளுக்கு முன் புல்

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிய பழமொழியொன்று நம் நாட்டில் வெகு காலமாக வழங்கி வருகிறது. இதனால் குதிரையின் குணம் விளங்குகிறதோ இல்லையோ, குதிரையின் ஆகாரம் கொள்ளே என்னும் எண்ணம் நம்மவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறதென்பது நன்கு விளங்கும். கொள்ளு நல்ல தானியந்தான். அதில் நூற்றுக்கு 22 பங்கு வரை புரதம் உண்டு. ஆயினும் அது குதிரைக்குத் துணை ஆகாரமேயன்றி முதல் ஆகாரமன்று. முதல் ஆகாரம் புல்.

ஜட்கா வண்டிகள் தெருவைவிட்டு மறைந்த பின்பு விவசாயப் பத்திரிகையில் குதிரையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், அத்திப்பட்டு, வள்ளூர் முதலிய ஊர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் வாடகைக்கு விடுவதற்காகக் குதிரை வைத்திருப்போர் சிலர் இருக்கின்றனர். ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. அங்கே பெரிய தொகை கொடுத்து வாங்கிவந்த மிருகத்தை இரண்டு வருஷத்துக்குள் தீனிக் குற்றத்தால் இழப்பது சொற்ப நஷ்டமன்று. அப்படி இழக்கவிருந்த ஒரு குதிரையே என்னை இதை எழுதத் தூண்டியது.

வள்ளூரில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடும் குடியானவர் ஒருவர். அவரிடம் பெண் குதிரையொன்று இருந்தது; எடை சுமார் 250 கிலோ இருக்கலாம். விதை விஷயமாக நான் அவருடைய களத்துக்குப் போயிருந்த சமயம், அது கொட்டகையில் ஒரு காலை மாற்றி மற்றொரு காலை ஊன்றிக்கொண்டு நின்றது. சில நாள் முன்காலிலும் சில நாள் பின்காலிலும் நொண்டுகிறதென்றும், சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவியதாகவும், லாடம் கட்டுபவர் இரண்டு தடவை லாடத்தைக் கழற்றிப் பார்த்ததாகவும் அவர் சொன்னார். நான் கவனித்தது காலையன்று, முகத்தை. மூக்கின் இருபுறமும் கண்ணுக்குக் கீழே எலும்பு தடித்து மேடிட்டிருந்தது. தீனியைத் தொட்டியில் வைத்தவுடன் ஆவலாய் வந்து, இரண்டு வாய் மென்று, நிறுத்திவிட்டது.

தினம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். வைக்கோல் வேண்டிய மட்டும், மில்லிலிருந்து வாங்கும் அரிசித் தவிடு இரண்டு கிலோவுக்கு மேல், கொஞ்சம் கொள்ளு. இவ்வளவே. பச்சைப்புல் இல்லை. "மாட்டுக்கு இதையே போடுகிறேன், ஐயா, பால் குறையவில்லையே. குதிரைக்கு மாத்திரம் ஏன் ஆகாது?" என்றார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை இவ்விரண்டு மிருகங்களின் வயிற்றில் இருக்கிறது.

மாட்டுக்கு நான்கு அறையுள்ள பெரிய வயிறு உண்டு. அது அவசரமாக விழுங்கியதைப் பின்பு அசைபோட்டு மெல்லும். குதிரைக்கு அசைபோடுதல் கிடையாது. அதன் இரைப்பை உடலின் அளவுக்கு மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றும் வேலை, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் அப்பால் பெருங்குடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் நடைபெறுகிறது. சிறுகுடலில் ஜீரணமாகாத தானியம் திடீரென்று பெருங்குடலில் போய் விழுந்தால் அங்கே புளிப்பு மிகுந்து, அக்கிருமிகள் அழிந்து, வாயு அடைத்து வயிறு உப்பும். சிலசமயம் அதன் விஷம் குளம்புக்குள் இறங்கிப் பாதத்தையும் கெடுத்துவிடும். போதாக்குறைக்குக் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது ஆகாததென்று தெரிந்தாலும் வெளியே தள்ளும் வழி அதற்கில்லை.

ஆகையால் குதிரை சிறுகச் சிறுக நாள் முழுதும் மேயும்படி அமைந்த பிராணி. நன்றாக மென்றால்தான் அதற்கு உமிழ்நீர் சுரக்கும், மெல்லாதபோது சுரப்பதில்லை. ஒரு கிலோ உலர்ந்த புல்லை மெல்ல அதற்கு முக்கால் மணி நேரமளவு பிடிக்கிறது. ஒரு கிலோ தானியமோ பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுபவர், தம் குதிரையை நாளில் பெரும்பாகம் வெறும் வாயோடு நிறுத்திவைக்கிறார். அது கொட்டகைக் கட்டையைக் கடிப்பதும் மண்ணை நக்குவதும் இதனால்தான்.

இனி அந்தக் குதிரையின் முகவீக்கத்துக்கு வருவோம். உரத்தில் மணிச்சத்து என்று நாம் சொல்லும் பாஸ்பரஸ் அரிசித் தவிட்டில் மிகுதி. சுண்ணாம்புச் சத்தோ அற்பம். ஒரு கிலோ தவிட்டில் மணிச்சத்து சுமார் 15 கிராம் இருக்க, சுண்ணாம்பு ஒரு கிராம்கூடத் தேறுவது அரிது. குதிரையின் தீனியில் மணிச்சத்து ஒரு பங்கானால் சுண்ணாம்பு ஒன்றரைப் பங்காவது இருத்தல் வேண்டும். அது தலைகீழாகிவிட்டால் உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே அரித்தெடுக்கிறது. சுண்ணாம்பு போன இடத்தில் நார் வளர்ந்து முக எலும்பு தடிக்கும்; பல்லின் வேர் ஆடும்; மூட்டுகளில் வலி உண்டாகிக் கால் மாறி மாறி நொண்டும். பசியிருந்தும் அது மெல்லாமல் நிறுத்தியது இதனாலேயே. ஆங்கிலேயர் இதற்குத் தவிட்டு நோய் என்றும் பெருந்தலை என்றும் பெயர் வைத்திருக்கின்றனர்.

மாட்டுக்கு நன்மை செய்யும் சில பசுந்தீவனங்களும் குதிரைக்கு இதே தீமையைச் செய்யும். கம்பு நேப்பியர், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றிலுள்ள ஆக்ஸாலிக் அமிலச் சத்து சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. மாட்டின் வயிற்றிலுள்ள கிருமிகள் அதைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு அவ்வளவாகக் கெடுதியில்லை. சூபாபுல் தழையைத் தின்னும் குதிரைக்குப் பிடரி மயிரும் வால்மயிரும் உதிர்ந்துவிடும். ஊர்வலக் குதிரைக்கு வாலில் மயிரில்லாவிட்டால் யார் வாடகைக்கு அழைப்பார்?

சமைத்த சோற்றைக் குதிரைக்கு இடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொங்கலன்று அன்பு மிகுதியால் சர்க்கரைப் பொங்கலை வாளியோடு குதிரையின் முன் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது இன்று தோன்றிய வழக்கமன்று. 1290-களில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவனுடைய சகோதரர்களும் அரேபியா, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பொன் கொட்டி வாங்குவதையும், வருஷ முடிவில் அவற்றில் நூறுகூடப் பிழைத்திராததையும் எழுதிவைத்திருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லாமையையும், வேகவைத்த அரிசியும் இறைச்சியும் தீனியாக இடப்படுவதையும் அவர் குறிப்பிடுகிறார். அவருக்குச் சற்றுப் பின்னே எழுதிய வஸ்ஸாப் என்னும் பாரசீகச் சரித்திராசிரியர், வறுத்த பார்லியும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைப்பதாகக் கூறுகிறார். அத்தனை பொன்னும் கடல் கடந்து போனதற்கு வெப்பமும் நோயும் காரணமாயிருக்கலாம். ஆயினும் தீனிக்கும் அதில் கணிசமான பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு, இலேசான வேலை இருக்கும் நாளில், பச்சை அறுகம்புல் 20 கிலோ போதும். பச்சை கிடைக்காவிட்டால் நிழலில் உலர்த்திய புல் ஐந்து கிலோ. அறுகு சென்னைப் பக்கத்துக் குதிரைகளுக்கு நெடுங்காலமாய் ஏற்ற புல். வேரிலுள்ள மண்ணை உதறி அலசிப் போடவேண்டும். இதன்மேல் கொள்ளு முக்கால் கிலோ, தவிடு அரைக் கிலோவுக்கு மேற்படாமல், உப்பு 30 கிராம். வைக்கோலைப் புல்லுக்குப் பதிலாக எண்ணலாகாது. வாய்க்கு வேலை கொடுக்கச் சிறிது போடலாம். கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, தோல் வெடிக்கும் வரை வேகவைத்து, நசுக்கி, நன்றாக ஆறியபின் கொடுக்கவேண்டும். பச்சைக் கொள்ளிலுள்ள சில சத்துக்கள் புரதத்தை ஜீரணமாகாமல் தடுக்கும். அன்றியும் அது வயிற்றில் தண்ணீர் பட்டு ஊதும். காலையில் வேகவைத்தது மாலைக்கு ஆகாது. நம் வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் புளித்துப்போகும்.

தானியத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல் கொடுக்கவேண்டும். முதலில் தண்ணீர், பிறகு புல், அதன் பிறகே தானியம். தானியம் தின்ற ஒரு மணி நேரத்துக்குள் வண்டியில் பூட்டலாகாது. வேலையில்லாத நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துவிடவேண்டும். முகூர்த்தமில்லாத வாரம் முழுதும் வயிறாரக் கொள்ளு தின்று கொட்டகையில் நின்ற குதிரை, முகூர்த்தத்தன்று நாலு தெரு நடக்குமுன் வியர்த்து விறைத்து நின்றுவிடுவதுண்டு. சிறுநீர் காப்பி நிறமாக இறங்கும். ஜனங்கள் திருஷ்டி என்பார்கள். அப்போது அதை ஓரடியும் நடத்தாமல் நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்தியரை அழைக்கவேண்டும். தீனியை மாற்றுவதாயிருந்தாலும் ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.

வள்ளூர்ப் பக்கத்துக்கென்று தனியே சில ஆபத்துகள் உண்டு. முதலாவது மணல். தீனியைத் தரையில் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்தே பொறுக்கும். அது பெருங்குடலின் அடியில் படிந்து கல்லாய்க் கனத்து வயிற்றுவலி உண்டாக்கும். சந்தேகமிருந்தால் தரையில் படாத சாணியில் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் தெளியவிடுங்கள். அடியில் மணல் தங்கினால் உள்ளே மணல் போகிறதென்று அறியலாம். நான் சொன்ன குடியானவர் வீட்டிலேயே இதைச் செய்து காட்டினேன். ஒரு கரண்டி மணல் தங்கிற்று. மார்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியும், அதனடியில் ஒரு பழைய ரப்பர்ப் பாயும் இக்குறையைத் தீர்க்கும்.

இரண்டாவது தண்ணீர். கொசஸ்தலையாறு வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர்க் கழியை நோக்கிச் செல்லச் செல்ல உப்பேறுகிறது. மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளிலும் 1960-களின் பிற்பகுதி முதல் கடல்நீர் புகுந்திருக்கிறது. குதிரைக்கு நாளொன்றுக்கு 20 லிட்டரும், கோடையில் வேலை செய்யும்போது அதைப்போல் இருமடங்கும் வேண்டும். உப்புத் தண்ணீரை வைத்தால் வேண்டிய அளவு குடியாது. குடல் வறண்டு சாணி அடைத்துக்கொள்ளும். நம் நாக்குக்குக் கரிக்கிற தண்ணீரைக் குதிரைக்கு வைக்கலாகாதென்பதே எளிய அளவுகோல்.

மூன்றாவது சாம்பல். அனல் மின் நிலையங்களின் சாம்பற் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து ஆற்றிலும் உவர்நிலத்திலும் படிந்த செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்துள்ளது. அவ்விடங்களில் முளைக்கும் புல்லை இலவசமாகக் கிடைக்கிறதென்று அறுத்து வரவேண்டாம். எந்தப் புறம்போக்கில் சாம்பல் படிந்திருக்கிறதென்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் புல்லறுப்பவர்களுக்குச் சொல்லிவைத்தால் பேருதவியாயிருக்கும்.

கோழித்தீனியைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். கோழிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து, கோழிக்குத் தீங்கில்லாத அளவிலேயே குதிரையின் இருதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். அந்தச் சாக்கைக்கூடக் குதிரைக் கொட்டகையில் வைக்கலாகாது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

வயிற்றுவலி கண்ட குதிரை முன்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். உடனே தீனியை அகற்றிவிட்டு மெதுவாக நடத்திக்கொண்டே கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்பவேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸுக்கும் தெரிவிக்கலாம். 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வைத்தியசாலை நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மூங்கிற் குழாயால் வாயிலோ மூக்கிலோ எண்ணெய் ஊற்றவேண்டாம். அது நுரையீரலில் இறங்கி, வயிற்றுவலி நின்றும் குதிரை சாகும்.

நிலமுடையோர் ஒரு காரியம் செய்யலாம். குதிரையின் பெயரையே தாங்கிய குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து நிறைந்த பசுந்தீவனம். தவிட்டின் குற்றத்தைத் திருத்த அதனினும் நல்லது வேறில்லை. வடிகாலுள்ள, உப்பில்லாத பத்துச் சென்ட் மேட்டு நிலம் ஒரு மட்டக்குதிரைக்கு வேண்டியதைத் தரும். மழை நீர் தேங்கும் நெல் வயலில் இது வராது. கோ 1 விதை முக்கால் கிலோ வாங்கி, பெருமழை ஓய்ந்தபின் மார்கழித் தொடக்கத்தில் பாத்தியில் விதைத்தால், இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பும் அதன்பின் மாதமொரு அறுப்பும் கிடைக்கும். விதையில் அம்மையார் கூந்தல் விதை கலந்திராதபடி சலித்துப் பார்த்து வாங்கவேண்டும். அக்கொடி ஒரு தரம் நிலத்தில் புகுந்தால் லேசில் போகாது.

மசால் வளரும்வரை அந்தக் குதிரைக்கு என்ன செய்தோமென்றால், வைத்தியர் வந்து பார்த்து, தவிட்டைப் படிப்படியாக அரைக் கிலோவுக்குக் குறைத்து, அதனோடு 30 கிராம் சுண்ணாம்புக்கல் மாவும் எலும்பு தேறுவதற்கு மேற்கொண்டு சிறிதும் கலக்கச் சொன்னார். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுடாமல் இடித்து மெல்லிய துணியில் சலித்த மாவும் ஆகும். சுட்டு நீற்றின சுண்ணாம்பைக் கொடுத்தால் வாய் வெந்துவிடும். இவ்விரண்டையும் மாற்றிக் கொள்ளலாகாது. அறுகம்புல்லுக்கு மேட்டுக்கொல்லை வரப்புகளே போதுமாயிருந்தன. நாலு மாதம் அது வேலைக்குப் போகவில்லை. குடியானவருக்கு அந்தப் பருவத்து வாடகை முழுதும் நஷ்டம். ஐந்தாம் மாதத்தில் நொண்டுவது நின்றது. கொள்ளையும் புல்லையும் நிறுத்தாமல் மென்று தின்கிறது. முக எலும்பின் மேடு மாத்திரம் அப்படியேயிருக்கிறது. அது இனி வடியாதென்று வைத்தியர் கூறிவிட்டார். ஊர்வலத்தின்போது ஜரிகை முகபடாத்தைச் சற்று அகலமாகத் தைத்து அதை மறைத்துக்கொள்கிறார்.