ஜாதி நாயா, தெரு நாயா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

"என்ன தம்பி, ஜாதி நாயா, தெரு நாயா?"

சென்ற நவம்பர் மாதம் ஒரு மழை நாள் மாலை. நனைந்த நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பொத்தேரியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டை அடைவதற்குள் நான்கு பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். குட்டிக்குப் பசிக்கிறதா, அடிபட்டிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய் நான் கற்றுக்கொண்டதை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி விட்டு ரயிலில் இறங்கி வரும்போது, ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கால்வாயில் குட்டியின் முனகலைக் கேட்டேன். அருகில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, "தாய் நாய் முந்தாநாள் லாரியில அடிபட்டுப் போச்சுப்பா. இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். வெள்ளை நிறம், முதுகில் ஒரு பழுப்புத் திட்டு, மடிந்த காதுகள், உருண்டை வயிறு. இவ்வளவுதான் அதன் அங்க அடையாளங்கள்.

எங்கள் வீடு ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடு. அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். குட்டியைப் பார்த்த அப்பா, "வச்சுக்கலாம்டா. ஆனா வீட்டுக்காரர் என்ன சொல்றாரோ" என்றார். டிசம்பர் முதல் வாரம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: "ஜாதி நாயா இருந்தா வச்சுக்கோங்க. தெரு நாய்னா பொங்கலுக்குள்ள எங்கேயாவது விட்டுடுங்க."

ஆக, ஒரு சிறு உயிரின் கதி அதன் பிறப்பைப் பொறுத்ததாகிவிட்டது.

ஆளுக்கொரு தீர்ப்பு

பக்கத்து வீட்டு அண்ணன், "வெள்ளையா இருக்கே, ராஜபாளையம் கலப்புதான்" என்றார். தங்கைக்கோ, காது தொங்குவதால் அது லாப்ரடார். எதிர்வீட்டுப் பெரியம்மா மயிரைத் தடவிப் பார்த்து, "பொமரேனியன் மாதிரி இருக்கு" என்றார். ஒரே குட்டிக்கு மூன்று பரம்பரைகள்!

ராஜபாளையம் என்றதும் எனக்கும் ஆசை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, தேனி மாவட்டத்துக் கோம்பை, மேலும் கன்னி ஆகியவை நம் தமிழகத்தின் பெயர்பெற்ற நாய் இனங்கள். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, ராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. வீட்டுக்காரரிடம் "ராஜபாளையம் கலப்பு ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அது உண்மையா? விலங்கியல் படிக்கும் ஒருவன் அதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லலாமா?

தோற்றம் ஏமாற்றும் விதம்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஐந்தாறு வாரக் குட்டி தன் வளர்ந்த உருவத்தை நமக்குக் காட்டுவதில்லை என்பதே. அந்த வயதில் பெரும்பாலான இனக் குட்டிகளுக்கும் காது மடிந்துதான் இருக்கும். விறைத்து நிற்கும் காதுடைய இனங்களிலும் குருத்தெலும்பு உறுதிப்படச் சில மாதங்கள் ஆகும். முகமும் அப்படியே: நீண்ட மூஞ்சியுடைய சிப்பிப்பாறையும் குட்டியாக இருக்கையில் மொட்டை மூக்குடன்தான் காணப்படும். கண் திறந்த புதிதில் தெரியும் நீல நிறம் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். பஞ்சு போன்ற மயிர் குட்டிப் பருவத்து மயிர். அது உதிர்ந்து வேறு மயிர் முளைக்கும்.

"குண்டாக இருக்கிறது, நல்ல ஜாதி" என்று பலரும் சொன்ன உருண்டை வயிற்றின் இரகசியத்தைக் கால்நடை மருத்துவர் ஒரு நொடியில் உடைத்தார். "வயிறு நிறையப் புழு தம்பி" என்றார்! குடற்புழு மருந்து கொடுத்த சில நாட்களில் அந்தப் "பரம்பரை உடல்வாகு" காணாமற்போயிற்று.

வெள்ளை நிறமும் ராஜபாளையத்தின் தனிச் சொத்தன்று. நம் தெருக்களில் வெள்ளை நாய்கள் எத்தனையோ உலவுகின்றன. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். எங்கள் குட்டியின் மூக்கோ கரிய நிறம்.

மெண்டல் சொன்ன பாடம்

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட உண்மையை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஓங்கு பண்பு வெளியே தெரியும். ஒடுங்கு பண்பு மறைந்து நின்று பின்னொரு தலைமுறையில் தலைகாட்டும். நாயின் மயிர் நீளமும் இவ்வாறே. குட்டை மயிர் ஓங்கு பண்பு, நீள மயிர் ஒடுங்கு பண்பு. நீள மயிருக்கான மரபணுவை மறைத்து வைத்திருக்கும் இரண்டு குட்டை மயிர் நாய்கள் கூடினால், நான்கில் ஒரு பங்கு குட்டிகள் நீள மயிருடன் பிறக்க வாய்ப்புண்டு. பெற்றோர் இருவரும் குட்டை மயிர்தான். சடை மயிரோ எந்த முப்பாட்டன் வழி வந்ததோ!

மேலும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பண்புகளை ஆள்பவை ஒரு சில மரபணுக்களே. டாக்ஸ்ஹுண்ட் போன்ற இனங்களின் குள்ளக் கால்களுக்கு ஒரே ஒரு மரபணுவின் கூடுதல் படி காரணம் என்று 2009-இல் கண்டறிந்தனர். மயிரின் நீளம், சுருள், மீசை போன்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களால் விளக்கிவிடலாம் என்பதும் அதே ஆண்டின் கண்டுபிடிப்பு. நாய்க்கு 39 இணை குரோமோசோம்கள். மரபணுக்களோ ஏறத்தாழ இருபதாயிரம். அவற்றுள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றின் விளைவைப் பார்த்து முழு நாயையும் எடைபோடுவது, அட்டையைப் பார்த்து நூலுக்கு மதிப்பெண் இடுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் காக்கர் ஸ்பேனியல், பசெஞ்சி என்ற இரண்டு இனங்களைக் கலந்து வளர்த்து ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்டனர். கலந்து பிறந்த குட்டிகள் பல, பாட்டன் பாட்டி எவரையும் ஒத்திருக்கவில்லை. 2009-இல் அந்நாட்டில் காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 20 நாய்களுக்கு டி.என்.ஏ. சோதனை செய்தபோது, தத்துக் கொடுத்தவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன இனமும் சோதனை காட்டிய இனமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. நாள்தோறும் நாய்களோடு பழகுவோர் நிலையே இதுவென்றால், நம் தெருத் தீர்ப்புகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கலப்பு என்ற சொல்லே சரிதானா?

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. தெரு நாய் என்றால் பல ஜாதி நாய்கள் கலந்து கெட்டுப்போன ஒன்று என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. இன்று உலகில் காணும் நாய் இனங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள், மனிதர் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து நிலைநிறுத்தியவை. நம் ஊர் நாயோ அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதரை அண்டி வாழ்ந்த பழைய மரபின் தொடர்ச்சி. நகரங்களில் வளர்ப்பு நாய்களைத் தெருவில் விட்டுவிடுவதால் சிறிது கலப்பு நேர்வதுண்டு. அப்படியிருந்தும், "எந்தெந்த இனங்கள் கலந்தன?" என்று கேட்டால், நம் தெருக் குட்டிகளில் மிகப் பலவற்றுக்கு "எதுவும் கலக்கவில்லை" என்பதே விடையாக இருக்கும்.

சரி, இனம் தெரிந்தாலாவது குணம் தெரியுமா? 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை வளர்ப்போரிடம் கேட்டறிந்தனர். 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் டி.என்.ஏ.வையும் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கும் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடே என்று முடிவு வந்தது. சொன்னதைக் கேட்டு நடப்பது போன்ற சில பண்புகளில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். சினம், அச்சம் போன்றவற்றை இனத்தைக் கொண்டு முன்கூட்டிச் சொல்வது கடினம்.

பின் எதைப் பார்ப்பது?

தத்தெடுக்குமுன் பார்க்க வேண்டியவை வேறு. என் அனுபவத்தில் அறிந்தவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, தாய். தாய் உயிரோடு இருந்தால், குட்டியை எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. தாயின் உருவம் குட்டியின் வளர்ச்சிக்கு ஓரளவு நம்பத்தக்க சான்று. தந்தையைத் தேடிப் பயனில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கக்கூடும். டீக்கடை அக்கா, "நடுத்தர உசரம், பழுப்பு நிறம், யாரையும் கடிச்சதில்ல" என்று தாயைப் பற்றிச் சொன்ன ஒரு வரி, மற்றெல்லோருடைய ஊகங்களையும்விட எனக்குப் பயன்பட்டது.

இரண்டாவது, வயது. பால் பற்கள் மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கும், மொத்தம் 28. அவை விழுந்து நிலைப்பற்கள் 42 வரும். மூன்று வாரம் முதல் சுமார் பன்னிரண்டு வாரம் வரை குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது மனிதர், குழந்தைகள், வண்டி ஓசை ஆகியவற்றோடு அன்பாகப் பழக்கினால் பின்னாளில் அஞ்சிக் கடிக்கும் வாய்ப்புக் குறையும்.

மூன்றாவது, உடல்நலம். வெள்ளை நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. ராஜபாளையத்திலும் இக்குறை உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். எங்கள் குட்டி திரும்பியது. பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்திலும், வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாதத்திலும் தொடங்க வேண்டும். குட்டிதானே என்று அதன் பற்கீறலை அலட்சியம் செய்யலாகாது. சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது, நம் வீடு. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் சோறும் நேரமும் தர நம்மால் இயலுமா? இக்கேள்வியை நாய்க்கு முன் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பேசி முடிக்க இரண்டு இரவுகள் ஆயின.

பொங்கலுக்குப் பின்

தை பிறந்த வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையை வாங்கி வைத்தேன். வீட்டுக்காரர் வந்தார். "என்னப்பா, என்ன ஜாதின்னு தெரிஞ்சுதா?" என்றார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. "தெரு நாய்தான் ஐயா. ஊசி எல்லாம் போட்டாச்சு, அட்டை இதோ. வாசலை அசுத்தம் பண்றதில்ல. மத்த குடித்தனக்காரங்களையும் கேட்டுப் பாருங்க" என்றேன்.

அப்போது அப்பா மெல்லச் சொன்னார்: "ஐயா, இந்த ஊருக்கு நாங்க வீடு தேடி வந்தப்ப மூணு இடத்துல, வாடகை எவ்வளவுன்னு சொல்றதுக்கு முன்னாடி 'நீங்க எந்த ஆளுங்க'ன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல. அதான் இங்க இருக்கோம்."

வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "குரைச்சு யார் தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாடகையை வாங்கிக்கொண்டு போனார்.

இன்று குட்டிக்கு ஏறத்தாழ ஆறு மாதம். ஒரு காது நிமிர்ந்து நிற்கிறது. மற்றொன்று இன்னும் பாதி மடிந்திருக்கிறது. ராஜபாளையமும் இல்லை, லாப்ரடாரும் இல்லை, பொமரேனியனும் இல்லை. மாலை வண்டியில் இறங்கி நான் தெருமுனை திரும்பும்போதே என் காலடி ஓசையை அறிந்து ஓடி வருகிறது.

நண்பர்களே, தெருவில் ஒரு குட்டியைக் காண நேர்ந்தால் "என்ன ஜாதி?" என்று கேளாதீர்கள். அது சாப்பிட்டதா, நோயில்லாமல் இருக்கிறதா, அதைக் கடைசிவரை காக்க நம்மால் முடியுமா என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குத்தான் நாம் உண்மையான விடை காண முடியும்.