மண்ணின் சாட்சியம்

போஸ்னியாவின் கிழக்கே மலைகள் சூழ்ந்த சிறுநகர் செரப்ரெனிட்சா. அதனைப் பாதுகாப்புப் பகுதியென ஐக்கிய நாடுகள் அவை 1993இல் அறிவித்திருந்தது. எனினும் 1995 சூலையில் போஸ்னிய செர்பியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. அடுத்த சில நாள்களில் ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

ஆகஸ்டு மாதம், வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களை அமெரிக்கா பாதுகாப்பு அவையில் காட்டியது. முன்பு சீராக இருந்த நிலம் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது அவற்றில் தெரிந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அப்புதைகுழிகள் மண்வெட்டும் இயந்திரங்களால் தோண்டப்பட்டன. உடல்கள் வாரி எடுக்கப்பட்டுத் தொலைவிடங்களில் மீண்டும் புதைக்கப்பட்டன. தடயத்தை அழிக்கச் செய்த இச்செயலே தடயமாயிற்று.

உடல்களோடு மண்ணும் சென்றது. கொஸ்லுக் என்னுமிடத்தில், புட்டித் தொழிற்சாலையின் உடைந்த பச்சைக் கண்ணாடி கொட்டப்பட்ட இடத்தருகே மக்கள் சுடப்பட்டிருந்தனர். அதே கண்ணாடித் துண்டுகள் தொலைவிலிருந்த மலைச்சாலையோரக் குழிகளிலும் கிடைத்தன. மண்ணும் மகரந்தத் துகள்களும் தோட்டா உறைகளும் ஒப்பிடப்பட்டு, எக்குழியின் உடல்கள் எங்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது நிறுவப்பட்டது.

இறந்தோர் போரில் மடிந்தவர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஆனால் பலருடைய கண்களும் கைகளும் துணியாலும் கம்பியாலும் கட்டப்பட்டிருந்தன. சிலர் அணிந்திருந்தவை கையசைவால் இயங்கும் கடிகாரங்கள். அசைவு நின்றபின் அவை ஓரிரு நாள்களே ஓடும். அவற்றின் முகப்பில் நின்றுபோயிருந்த கிழமையும் தேதியும் இறந்த காலத்தை உணர்த்தின.

குழிகள் ஆணையிட்டவர் பெயரைச் சொல்லா. அதற்கு உயிர்பிழைத்தோரின் வாக்குமூலமும், போஸ்னியப் படையினர் ஒட்டுக்கேட்டுக் குறிப்பேடுகளில் கையால் எழுதிவைத்த வானொலி உரையாடல்களும் துணைநின்றன. எளிய அக்குறிப்பேடுகள் வான்படங்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. தி ஹேக் நகரிலிருந்த பன்னாட்டுத் தீர்ப்பாயம், தளபதி கிர்ஸ்டிச்சுக்கு 2001இல் 46 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. படைத்தலைவர் மிளாடிச் 2017இல் ஆயுள்தண்டனை பெற்றார்.

இயந்திரங்கள் உடல்களைச் சிதைத்திருந்தமையால், ஒருவருடைய எலும்புகள் பல குழிகளில் கிடந்தன. உறவினரின் குருதியோடு எலும்பின் மரபணுவை ஒப்பிட்டு ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். ஓர் எலும்பு மட்டும் கிடைத்தபோது அதனை அடக்கம் செய்வதா, எஞ்சியவை கிடைக்கும்வரை காத்திருப்பதா என்பதை அக்குடும்பத்தினரே முடிவு செய்ய வேண்டியிருந்தது.